ஐந்து கட்டையா, நாலரையா? பாக்கின் ஒரு பிரெஸ்டோவிடம் சிக்கிய 'பிபிஎம், கீ, மூட்' ஆப்கள்

பாட்டின் பெயரைத் தட்டினால் போதும், வேகம் இத்தனை பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு), கீ (எந்தச் சுருதி, மேஜரா மைனரா) இன்னது, மூட் இப்படி என்று மூன்று விடையை ஒரே வரியில் கொடுக்கிற ஆப்களும் தளங்களும் இப்போது நிறைய இருக்கின்றன. டிஜேக்களுக்காக வந்தவை. இன்று மும்பை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மேற்கத்திய வயலின் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் அம்மாக்கள் வரை எல்லோர் போனிலும் உண்டு. மெட்ரோனோமை எந்த எண்ணில் வைப்பது, தம்பூரா ஆப்பை எந்தக் கட்டையில் வைப்பது என்று பார்க்கத்தான்.

சினிமாப் பாட்டுக்கு இவை பெரும்பாலும் சரியாகவே சொல்லும். டிரம்ஸ் இருக்கிறது, சுருதி 440-ல் (ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்) இருக்கிறது, வேகம் கம்ப்யூட்டரில் பூட்டப்பட்டிருக்கிறது. இது மூன்றும் இல்லாத இசையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். கீக்கு 5-க்கு மூன்றரை, வேகத்துக்கு இரண்டு, மூடுக்கு அரை. அந்த அரையும் இரக்கத்தில் போட்டது.

சோதனைக்கு எடுத்தது யோகான் செபாஸ்டியன் பாக்கின் தனி வயலின் சொனாட்டாக்களில் முதலாவது. ஜி மைனர், பாக் பட்டியல் எண் 1001. பாக் கைப்பட எழுதிய பிரதியில் 1720 என்று ஆண்டு இருக்கிறது. அதன் நாலாவது, கடைசி அங்கம் பிரெஸ்டோ. 3/8 தாளம், 136 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று). பக்கவாத்தியம் கிடையாது, தாள வாத்தியம் கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை அரைக்கால் மாத்திரைகள் மூச்சுவிடாமல் ஓடும், நம்ம ஊர் சிட்டைஸ்வரம் மேல்காலத்தில் ஓடுகிற மாதிரி, ஆனால் கமகமே இல்லாமல். ஒரு ஆப்பின் காதைச் சோதிக்க இதைவிடக் கறாரான ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

முதலில் வேகம். பாக் எழுதியது 'பிரெஸ்டோ' (மிக வேகமாக) என்ற ஒரே சொல். எண் எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது, மெல்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியதே 1815-ல்தான். ஆகவே 'இந்த அங்கத்தின் பிபிஎம்' என்று ஒன்று கிடையாது. இன்ன பதிவின் பிபிஎம் என்றுதான் உண்டு. ஆப் இதைச் சொல்லாது. ஒரே எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடும்.

அந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு பேனாவும் பதிவின் நேரமும் போதும். இந்த பிரெஸ்டோ இரண்டு பாதி. முதல் பாதி 54 பார், இரண்டாவது 82. இரண்டுக்கும் திரும்ப வாசிக்கும் குறி உண்டு. இரண்டையும் திரும்ப வாசித்தால் 272 பார். முதல் பாதியை மட்டும் திரும்ப வாசித்தால் 190. ஒன்றையும் திரும்ப வாசிக்காவிட்டால் 136. ஒரு பதிவு 3 நிமிடம் 24 நொடி, எல்லாம் திரும்ப வாசித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 272-ஐ 204 நொடியால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 80 பார். அதே வேகத்தில் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசித்தால் 2 நிமிடம் 22 நொடி சொச்சம் வரும். இதைக் கவனிக்காமல் 272-ஐயே போட்டு வகுத்தால் 115 என்று வந்து, 'அடேயப்பா, என்ன வேகம்' என்று யாரையோ தப்பாகப் புகழ வேண்டியிருக்கும். எனவே முதலில் முழுசாக ஒருமுறை கேட்டு, எத்தனை தரம் திரும்புகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். கடைசியில் எதிரொலி அடங்க விட்டிருக்கும் நாலு நொடியையும் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால் 80 என்பது 78½ ஆகிவிடும்.

இப்போது ஆப் காட்டும் எண்ணுக்கு வருவோம். நிமிடத்துக்கு 80 பார் என்றால், ஒரு பாரில் மூன்று கால் மாத்திரை இருப்பதால் நிமிடத்துக்கு 240 கால் மாத்திரை. கால் மாத்திரைக்கு இரண்டு ஸ்வரம், அதாவது நொடிக்கு எட்டு ஸ்வரம். ஆப் இதை 80 என்றும் சொல்லலாம், 160 என்றும் சொல்லலாம், 240 என்றும் சொல்லலாம், 120 என்றும் சொல்லலாம். இந்த நாலில் மூன்று சரி, ஒன்று தப்பு. எது என்று சொல்கட்டில் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஒரு பாரில் ஆறு ஸ்வரம். அதைத் 'தக தக தக' என்று இரண்டிரண்டாகவும் பிரிக்கலாம், 'தகிட தகிட' என்று மும்மூன்றாகவும் பிரிக்கலாம். தாளக்குறி சொல்வது முதலாவது. ஆனால் பாக் கோத்திருக்கும் ஸ்வரங்கள் பல இடத்தில் இரண்டாவதைப் போலவே காதில் விழும். இந்த அங்கத்தின் சுவாரசியமே அந்த இழுபறிதான். பாரையே ஒரு தட்டாக எண்ணினால் 80. தகிட என்று கேட்டால் 160. தக என்று கேட்டால் 240. மூன்றும் ஒரே நடையின் மூன்று முகம். கீழ்க்காலம், மேல்காலம் பழகியவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இருக்காது.

120 அப்படியில்லை. அது 240-ஐப் பாதியாக்கியதால் வருவது. அதாவது இரண்டு கால் மாத்திரைக்கு ஒரு தட்டு. பாருக்கு மூன்று கால் மாத்திரை இருக்க, இரண்டுக்கு ஒன்று தட்டினால் இரண்டு பாருக்கு ஒருமுறைதான் தட்டும் பாரின் தலையும் சேரும். திஸ்ரத்தின் மேல் ஆதி தாளம் போட்ட கதை. ஆனால் பார்வைக்கு மிக மரியாதையாக இருக்கும் எண் இதுதான். ஆப்கள் இதன் பக்கம் சாய்வதற்கும் காரணம் இருக்கிறது. வேகம் கணிக்கும் நிரல்கள், சந்தேகம் வந்தால் 120-க்குப் பக்கத்தில் இருக்கும் விடையைத் தூக்கிப் பிடிக்கும்படி எழுதப்பட்டிருப்பது வழக்கம். பரவலாகப் பயன்படும் லிப்ரோசா என்ற இலவசப் பைத்தான் தொகுப்பில் தொடக்க மதிப்பே 120தான். டிரம்ஸ் இல்லாமல், வில் ஒரே இழுப்பில் நாலைந்து ஸ்வரத்தைச் சேர்த்து வாசிக்கும்போது, எங்கே தட்டு விழுகிறது என்பதற்கு ஒலியில் தடயம் குறைவு. தடயம் குறைந்தால் முன்முடிவு ஜெயிக்கும். மனிதர்களுக்கும் அதே வியாதி உண்டு என்பது வேறு விஷயம்.

இதனால் வரும் நிஜ நஷ்டம் என்ன? 120 என்று பார்த்த மாணவர் மெட்ரோனோமை 120-ல் வைத்து, தட்டுக்கு ஒரு கால் மாத்திரை என்று வாசிப்பார். அப்படியானால் நிமிடத்துக்கு 40 பார். அசல் வேகத்தில் சரிபாதி. எல்லாம் திரும்ப வாசித்தால் 6 நிமிடம் 48 நொடி ஆகும். கற்றுக்கொள்ள அது நல்ல வேகம்தான், தப்பில்லை. ஆனால் 'பதிவின் வேகத்துக்கு வந்துவிட்டோம்' என்று நினைத்துக்கொண்டு தேர்வு அறைக்குள் போனால் ஆப் வைத்தது ஆப்புதான்.

கீ விஷயத்தில் ஆப் பரவாயில்லை, ஆனால் அது சொல்லும் உண்மை வேறு விதமான உண்மை. ஜி மைனர் அங்கத்தைப் போட்டால் சில பதிவுகளுக்கு ஜி மைனர் என்றும், சிலவற்றுக்கு எஃப் ஷார்ப் மைனர் என்றும் வரும். டிஜேக்கள் கீக்கு வைத்திருக்கும் எண்ணில் சொன்னால் ஒன்று 6ஏ, மற்றது 11ஏ. ஆப் தப்பு செய்கிறதா? இல்லை. வயலின் அந்தச் சுருதியில்தான் இருக்கிறது.

பரோக் காலத்து முறையில், ஆட்டுக்குடல் தந்தி கட்டி வாசிப்பவர்கள் இப்போதெல்லாம் பெரும்பாலும் ஏ ஸ்வரத்தை 440-க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள். சிகிஸ்வால்ட் குய்கன், ரேச்சல் போட்ஜர் பதிவுகள் அந்தச் சுருதி. ஆர்தர் க்ருமியோ, நாதன் மில்ஸ்டைன், ஹிலாரி ஹான் பதிவுகள் இன்றைய சுருதி. நம் கணக்கில் ஜி என்பது ஐந்து கட்டை, எஃப் ஷார்ப் நாலரை. பாடகர் நாலரைக் கட்டையில் பாடினார் என்பதற்காகக் கீரவாணி வேறு ராகமாகிவிடுமா? அதே கதைதான். எழுதியிருப்பது ஜி மைனர், ஒலிப்பது நாலரைக் கட்டை. சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது சாதாரணம். மேற்கத்தியக் கணக்கில் பழகிய ஆப்புக்குத்தான் கட்டையும் ராகமும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம். பதிவின் சுருதி 440-ல் இருந்து கொஞ்சம் விலகியிருந்தால் கண்டுபிடித்துச் சரிக்கட்டும் வசதி நல்ல நிரல்களில் உண்டு. ஆனால் அது பக்கத்து ஸ்வரத்துக்குப் பாதி தூரம், அதாவது மேலே 50 சென்ட், கீழே 50 சென்ட் வரைதான் பார்க்கும் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). 415 என்பது 440-க்குக் கீழே 101 சென்ட். முழுசாக ஒரு அரைச்சுரம் இறங்கி ஒரே ஒரு சென்ட்தான் மீதி. 415-ல் ஜி ஸ்வரம் ஏறக்குறைய 369.7 ஹெர்ட்ஸ். 440-ல் எஃப் ஷார்ப் 370. நிரலின் கண்ணுக்கு இது சுத்தமாகச் சுருதி சேர்ந்த எஃப் ஷார்ப். சந்தேகப்பட இடமே இல்லை. பிரெஞ்சுப் பரோக் இசைக்கு வைக்கும் 392 என்றால் 200 சென்ட் இறங்கி, ஐந்து கட்டை நாலு கட்டையாகத் தெரியும். 430 வைத்தால் 40 சென்ட் இறக்கம், அதை நிரல் கண்டுபிடித்துச் சரியாக ஜி என்றே சொல்லிவிடும். கொஞ்சமாக விலகினால் மாட்டிக்கொள்ளும், ஒரு படி முழுதாக விலகினால் தப்பித்துவிடும். திருட்டுக்கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரிந்த சூத்திரம்.

வீட்டில் சரிபார்க்கத் தம்பூரா ஆப்பே போதும். ஐந்து கட்டையில் வைத்து பிரெஸ்டோவின் தொடக்கத்தை ஓடவிடுங்கள். முதல் வீச்சு மேலிருந்து ஜி மைனர் ஸ்வரங்கள் வழியாக இறங்கி, வயலினின் நாலாவது தந்தியான வெறும் ஜி-க்கு வரும். அந்த அடித்தந்தி தம்பூராவோடு ஒட்டினால் இன்றைய சுருதி. பல் கூசினால் நாலரைக்கு இறக்குங்கள், ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் ஒட்டாமல் நடுவில் தொங்கினால் நுண்சுருதிப் பட்டியைச் சென்ட் சென்டாக நகர்த்துங்கள். இரண்டு நிமிட வேலை.

மேஜரா மைனரா என்பதில் ஆப் சறுக்குவதற்கு வேறு காரணம். பன்னிரண்டு ஸ்வரத்தில் எது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கூட்டிப் பார்த்து, எந்தக் கீயின் அச்சோடு அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்பதுதான் இவற்றின் வழி. ஜி மைனரும் பி ஃபிளாட் மேஜரும் பெரும்பாலும் ஒரே ஸ்வரக்கூட்டம், ஆதாரம் மட்டும் வேறு. போதாக்குறைக்கு மைனரில் ஆறாவது ஏழாவது ஸ்வரங்கள் நிலையாக நிற்காது. நம் பாஷையில் சொன்னால் பாக் ஒரே வீச்சில் நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரி மூன்றிலும் காலை வைத்துவிட்டு வருவார். முதல் பாதி முடியும்போது ஜி-யை விட்டு டி-யில் போய் நிற்பார். சில தளங்கள் முழுப் பதிவையும் கேட்பதில்லை, 30 நொடித் துண்டோடு சரி. நிமிடத்துக்கு 80 பார் என்றால் 30 நொடிக்கு 40 பார். அந்த 40 எங்கிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்து விடை ஜி, டி, பி ஃபிளாட் என்று எதுவாகவும் இருக்கலாம். எனவே ஆப் 'பி ஃபிளாட் மேஜர்' என்று காட்டினால் அதை முழுப்பொய் என்று தள்ளாமல் பக்கத்து வீட்டு விலாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏ மேஜர்' என்று வந்தால் பக்கத்து வீடு, அதுவும் 415-ல் ஒரு மாடி கீழே.

இசைத்தாளைப் பார்த்துச் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜி மைனருக்கு இரண்டு ஃபிளாட் குறி இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். பாக்கின் கைப்பிரதியில் ஒன்றுதான் இருக்கும். அக்கால எழுத்து வழக்கம் அது. இ ஃபிளாட் தேவைப்படும் இடத்தில் தனியாகக் குறி போட்டிருப்பார். தோபி தலாவ் கடையில் வாங்கிய புத்தகத்திலும் அப்படியே ஒரு ஃபிளாட் இருந்தால் அச்சுப்பிழை என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

போன் மைக்கில் கேட்டுக் கீ சொல்லும் வகை ஆப்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் 50-லும் அதன் இரட்டிப்பான 100-லும் வரும். வயலினின் அடித்தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதைவிட 35 சென்ட்தான் மேலே. அதாவது உங்கள் ஸ்பீக்கர் முனகுவதே ஏறக்குறைய ஜி-யில். அந்த முனகலால் சில சமயம் சரியான விடை வந்துவிடும். ஆப்புக்கு ஞானம் வந்ததாக நினைக்க வேண்டாம், இயர்போன் வழியாகவோ கோப்பை நேரடியாகவோ கொடுத்து மறுபடி பாருங்கள்.

பழைய இசைத்தட்டுப் பதிவுகளை இதில் சேர்க்கவே கூடாது. யோசப் யோவாகிம் இதே சொனாட்டாவின் முதல் அங்கமான அடாஜியோவை 1903-ல் பதிவு செய்தார். அக்காலத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழன்றவை அல்ல. மறுபதிவில் தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறக்குறைய ஒரு அரைச்சுரம் ஏறும், கூடவே பிபிஎம்மும் அதே 6 சதவீதம் ஏறும். 415-ல் சுருதி மட்டும் மாறும், வேகம் மாறாது. இங்கே இரண்டும் சேர்ந்து நகரும்.

மூட். இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை கொடுத்துவந்த எண்களைத்தான் பல தளங்கள் அப்படியே காட்டின. 'வேலன்ஸ்' என்று 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு எண், குறைந்தால் சோகம், கூடினால் சந்தோஷம். 'எனர்ஜி' என்று இன்னொன்று. 2024 நவம்பர் 27 முதல் புதிய செயலிகளுக்கு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு தளம் மூட் காட்டினால் அது பழைய சேமிப்பாக இருக்கலாம், அவர்கள் சொந்தமாகக் கணித்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் எனர்ஜிக் கணக்கில் ஒலியின் உரப்புக்குப் பங்கு உண்டு. காலியான தேவாலயத்தில் ஒற்றை வயலினை மென்மையாகப் பதிவு செய்தால், நொடிக்கு எட்டு ஸ்வரம் பறந்தாலும் உரப்பு குறைவு. அதோடு மைனர். இரண்டையும் கூட்டினால் 'அமைதி, சோகம்' என்று முத்திரை விழுந்து, தூக்கம் வரவழைக்கும் பட்டியலில் பிரெஸ்டோ போய் உட்கார்ந்துவிடும். தூங்கப் போகிறவர்கள் பாவம்.

மைனர் என்றாலே சோகம் என்ற சமன்பாட்டை பாக் காலத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஹம்பர்க்கில் இருந்த யோகான் மத்தேசான் 1713-ல் ஒவ்வொரு கீக்கும் குணம் எழுதியபோது, ஜி மைனரை ஏறக்குறைய எல்லாவற்றிலும் அழகானது என்றார், கம்பீரமும் இனிமையும் கலந்தது என்று. எஃப் ஷார்ப் மைனருக்கு அவர் கொடுத்தது பெரும் வாட்டமும் காதல் ஏக்கமும். ஆப் காட்டும் 11ஏ-வை நம்பி மத்தேசானைப் புரட்டினால் கம்பீரம் போய் விரகம் வந்துவிடும். ஒரு அரைச்சுரம் செய்கிற வேலை.

இதற்கு மாற்றாகக் காசில்லாமல் கிடைப்பது சோனிக் விஷுவலைசர். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது, லேப்டாப்பில் ஓடும். பதிவைத் திறந்து, ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் தலையிலும் அரைப்புள்ளி விசையைத் தட்டுங்கள். தட்டிய இடமெல்லாம் கோடு விழும். 20 பார் தட்டினால் போதும், முதல் கோட்டுக்கும் இருபத்தொன்றாவது கோட்டுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பார்த்து 1200-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை பார் என்று வந்துவிடும். 15 நொடி என்றால் 80. நடுவில் எங்கே இழுக்கிறார், எங்கே ஓடுகிறார் என்பதும் கோடுகளின் இடைவெளியில் தெரியும். ஆப் கொடுக்கும் ஒற்றை எண்ணில் அது தெரியவே தெரியாது. அமைப்புகளில் ஏ ஸ்வரத்தின் அதிர்வெண்ணை 440-இலிருந்து 415-க்கு மாற்றும் இடமும் உண்டு. மாற்றியபின் ஸ்வரப்பெயர்கள் தாளில் உள்ளபடியே வரும். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடிக்கும். போனில் ஓடாது என்பதுதான் குறை.

தேடும்போது இன்னொன்றையும் பாருங்கள். இதே பிரெஸ்டோவை பிராம்ஸ் பியானோவுக்கு இரண்டு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ் தீலி 2013-ல் மாண்டலினில் வாசித்த பதிவு இருக்கிறது. கிட்டாரில் வாசிப்பவர்கள் வசதிக்காக ஏ மைனருக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. தளத்தில் 'பாக், சொனாட்டா 1, பிரெஸ்டோ' என்று மட்டும் போட்டிருந்தால் அது இவற்றில் எது என்று வாசிப்பவர் பெயரையும் நிமிடத்தையும் ஒப்பிட்ட பிறகே எண்ணை எடுங்கள். மாண்டலின் பதிவின் எண்ணை வயலின் பதிவுக்கு ஒட்டிக்கொண்டு குழம்புவது இப்படித்தான்.

நடன ஆசிரியர்கள், குறும்படத்துக்குப் பின்னணி சேர்ப்பவர்கள் இந்த ஆப்களை வைத்துக்கொள்ளலாம். கீயை ஒரு துப்பாக எடுத்துத் தம்பூராவில் உறுதி செய்தால் நேரம் மிச்சம். காசு கட்டி மேல்வகுப்புச் சந்தா வாங்குவதில் இந்த மாதிரி இசைக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அதே சொனாட்டாவின் மூன்றாவது அங்கம் சிசிலியானா, 12/8 தாளம், பி ஃபிளாட் மேஜர். சந்தாவுக்கு முன் கிடைக்கும் இலவச வாரத்தில் அதைக் கொடுத்துப் பாருங்கள். பாருக்கு நாலு தட்டு, தட்டுக்கு ஒரு தகிட. உங்கள் ஆப் அதையாவது மூன்றால் வகுத்துச் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.